ரிசர்வ் சைட்டில் கீரைப் பாத்தி

தெருக்காரர்கள் ஒன்றுகூடிப் பொது இடத்தில் தோட்டம் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறார், கோவை வடவள்ளியில் அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து அப்படி ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற உதவித் தோட்டக்கலை அலுவலர்.

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் பத்து சென்ட் ரிசர்வ் சைட் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பாம்பு வேறு வருகிறது. பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து சுத்தம் செய்து காய்கறி போடலாம் என்று இருக்கிறோம். யாரிடம் கேட்க வேண்டும்? கேட்காமலே தொடங்கலாமா? (வாசகர், சரவணம்பட்டி)

பதில்: கேட்காமல் தொடங்க வேண்டாங்க. நல்ல காரியம்தானே, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று இறங்கிவிடுவோம். பந்தல் முழுக்கப் பீர்க்கங்காய் தொங்குகிற நேரத்தில் யாரோ ஒருவர் ‘ஆக்கிரமிப்பு’ என்று மனுக் கொடுத்தால் அத்தனை பேர் உழைப்பும் ஒரே நாளில் போய்விடும்.

ரிசர்வ் சைட் என்பது லேஅவுட் போட்டவர் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட இடம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை இப்படி ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சென்னைக்காரர்கள் இதையே ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்பார்கள். அந்தத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பதிவாகியிருந்தால் இடம் மாநகராட்சியுடையது. ஆணையருக்கு மனு, மண்டல அலுவலகத்துக்கும் கவுன்சிலருக்கும் நகல். ‘இடம் மாநகராட்சிக்குச் சொந்தம், பராமரிக்க மட்டுமே அனுமதி கேட்கிறோம்’ என்ற வரி மனுவில் கட்டாயம் இருக்கட்டும். அந்த வரியைப் பார்த்தால்தான் அதிகாரிக்குக் கையெழுத்துப் போடத் தைரியம் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். வாய்வார்த்தையாக ‘போட்டுக்குங்க’ என்றால் போதாது, கையில் கடிதம் வேண்டும். வேலி, போர் என்று பெரிய செலவு இருந்தால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும் திட்டம் அது.

அங்கே சிமென்ட்டில் எதையும் கட்டாதீர்கள். ரூம், மேடை, சின்னப் பிள்ளையார் கோயில், எதுவும் வேண்டாம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்களே வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. உங்கள் இடத்தை வேறு யாராவது தட்டிப் பறிக்க வந்தால் அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பலம். நீங்களே கட்டடம் எழுப்பினால் அதுவே உங்களுக்கு எதிராகவும் நிற்கும்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, மறுபடி தழைத்துவிடும். வேரோடு எடுக்க ஜே.சி.பி. வாடகைக்குப் பிடிப்பதே நல்லது. பாம்பு இருக்கிறது என்று புதருக்குத் தீ வைக்காதீர்கள். தெருப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒரே திசையில் மெதுவாக வெட்டிக்கொண்டே போங்கள், எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும். சத்தத்துக்கும் அதிர்வுக்கும் பாம்பு தானாகவே அந்தப் பக்கம் போய்விடும். ஷூ போடாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

கேள்வி: முதல் ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். போட்டோ எடுத்தோம், ஸ்டேட்டஸ் வைத்தோம். மூன்று மாதம் கழித்து நாலே பேர்தான் மண்வெட்டி பிடிக்கிறோம். மற்றவர்களை எப்படித் திரும்பக் கூட்டி வருவது? மனசு விட்டுப்போகிறது. (வாசகி, திருப்பூர்)

பதில்: நாலு பேர் நிற்கிறீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும் அம்மா. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் செடி வாடுவதை விட ஆள் வாடுவதால்தான் இந்த மாதிரித் தோட்டங்கள் அதிகம் அழிகின்றன.

முதலில் ஒரு கணக்கு. கோடையில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு நாலிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர் சொச்சம். அப்படியானால் ஒரு சென்ட்டுக்குத் தினமும் 160 முதல் 200 லிட்டர். பத்து லிட்டர் பூவாளியில் இருபது நடை. நீங்கள் நாற்பது பேர் உற்சாகத்தில் எட்டு சென்ட்டையும் கொத்திவிட்டீர்கள் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எட்டு சென்ட்டுக்கு ஆயிரத்து அறுநூறு லிட்டர் என்றால், நாலு பேர் ஆளுக்கு நாற்பது நடை நடக்க வேண்டும். யாருக்குத்தான் சலிக்காது? இடுப்பு விட்டுப்போன பிறகு மனசு விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

அதனால் இன்றைக்கே தோட்டத்தைச் சுருக்குங்கள். ஒரு சென்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஏழிலும் தட்டைப்பயறையோ கொழிஞ்சியையோ மழைக்கு முன்னால் விதைத்து விடுங்கள். மண்ணும் மூடியிருக்கும், தழைச்சத்தும் ஏறும், யாரும் பூவாளி தூக்க வேண்டாம். அந்த ஒரு சென்ட்டுக்கு மூடாக்குப் போடுங்கள். தெருக் கூட்டும்போது கிடைக்கிற காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை, எது கிடைத்தாலும் சரி. தண்ணீர்த் தேவை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும்.

அப்புறம், போனவர்கள் ஏன் போனார்கள் என்று பாருங்கள். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் நாள் வேலை எல்லாருக்கும் புரிகிற வேலை: புல் பிடுங்கு, கல் பொறுக்கு, குப்பை அள்ளு. அது முடிந்த பிறகு வருகிறவருக்கு அங்கே என்ன செய்வது என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். ஓரமாக நின்று பார்த்துவிட்டு இரண்டாவது வாரம் வராமல் இருந்துவிடுவார். எங்கள் தோட்டத்துக் கேட்டில் ஒரு பள்ளிக்கூட சிலேட்டுத் தொங்குகிறது. முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டவர், போகும்போது மறுநாள் வேலையை அதில் எழுதிவிட்டுப் போவார். ‘வெண்டையில் மஞ்சள் இலை பறிக்கவும்.’ ‘பீர்க்கன் கொடியைக் கயிற்றில் ஏற்றவும்.’ ‘உரக்குழியைக் கிளறவும்.’ ஒவ்வொன்றும் பதினைந்து, இருபது நிமிட வேலை. பால் வாங்கப் போகிறவர்கூட அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து கொடியை ஏற்றிவிட்டுப் போகிறார். செய்ததும் அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்ஆப் குரூப்பில் இதையே போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது.

மூட்டுவலிக்காரர்கள் வராமல் இருப்பார்கள். அவர்களிடம் விதையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். முற்றிய வெண்டையை உடைத்து விதை எடுப்பது, அவரை விதையைச் சாம்பல் போட்டுப் புரட்டி வைப்பது எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். குழந்தைகளுக்குத் தண்ணீர். இளைஞர்களுக்குக் குழி வெட்டவும் பந்தல் கால் ஊன்றவும் சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு இன்னும் என்ன இருக்கிறது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. அந்தக் காப்பிக்கு நடுவேதான் அடுத்த வாரம் யார் எந்த நாள் தண்ணீர் என்று பேச வேண்டும். தனியாகக் கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள்.

வராதவர்களைக் குரூப்பில் குத்திப் பேசாதீர்கள். பரீட்சை, பிரசவம், ராத்திரி ஷிப்ட் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். முதல் அறுவடைக் கீரையில் ஒரு கட்டை அவர்கள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வாருங்கள். வருகிறவர் வருவார்.

கேள்வி: பறித்த காயை எப்படிப் பிரிப்பது? உழைக்காதவர்களும் எடுத்துப் போகிறார்கள். ராத்திரியில் யாரோ பூசணிப் பிஞ்சைக்கூடப் பறித்துவிட்டார்கள். பூட்டுப் போடலாமா? (வாசகர், மேடவாக்கம்)

பதில்: பூட்டு வேண்டாம். பொது இடத்தைப் பூட்டினால் அது நாலு பேர் இடமாகிவிடும். ஆடு மாடு நுழையாமல் தாழ்ப்பாள் இருந்தால் போதும்.

பங்குப் பிரச்சினை வருவதற்கு முக்கியக் காரணம், விதைக்கும்போது அதைப் பேசாததுதான். நான் சொல்வது இது: கொடிப் பந்தலும் கீரையும் எல்லாருக்கும் பொது. அதோடு விரும்புகிறவருக்குத் தலைக்கு ஒரு சின்னப் பாத்தி. அதில் அவர் விரும்பியதைப் போட்டுக்கொள்ளலாம். பொதுப் பாத்தியில் வாரம் ஒரே நாள்தான் அறுவடை. அந்த வாரம் தண்ணீர் முறை பார்த்தவர்கள் முதலில் எடுப்பார்கள், பிறகு மற்ற உறுப்பினர்கள், மீதி கேட்டுக்கு வெளியே ஒரு கூடையில். கூடையிலிருந்து யார் எடுத்தாலும் கேள்வி கேட்கக் கூடாது.

வேலியோரத்தைத் தெருவுக்கென்றே விடுங்கள். கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி, ஓமவல்லி, தூதுவளை. நம் ஊரில் கறிவேப்பிலை ஒரு கொத்துக் கேட்டு இல்லை என்று சொன்ன வீடு உண்டா? கையெட்டுகிற இடத்தில் அது இருந்தால் உள்ளே வந்து பூசணிப் பிஞ்சைக் கிள்ளுகிறவர்கள் குறைவார்கள். பிஞ்சு போனதில் வருத்தம் இருக்கும்தான். ஆனாலும் காவல் போட்டு, கேமரா வைத்து, ஒரு பையனைப் பிடித்து நிறுத்தி அவமானப்படுத்துகிற அளவுக்குப் போகாதீர்கள். பூசணி அடுத்த வாரமும் காய்க்கும், அந்தப் பையன் ஜென்மத்துக்கும் தோட்டப் பக்கம் வரமாட்டான்.

பணக் கணக்கு மட்டும் கறாராக இருக்கட்டும். குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் அதற்குள்ளேயே ஒரு குழுவாக இயங்குங்கள். இல்லையென்றால் ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ்ப் பதிந்துகொள்ளலாம். மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி கேட்டில் ஒட்டுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் பொதுத் தோட்டம் போட்டிருக்கிறோம். வாட்ச்மேன் அண்ணன் தனக்கும் ஒரு பாத்தி கேட்டார். ‘குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான்’ என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. (வாசகி, வேளச்சேரி)

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அந்த வளாகத்தில் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறவர் அவர். நீங்கள் எல்லாரும் ஊருக்குப் போகிற தீபாவளி, பொங்கலுக்குத் தண்ணீர் விடப்போவதும் அவர்தான். விடச் சொல்லும்போது மட்டும் அவர் தோட்டத்து ஆள், பாத்தி கேட்கும்போது வெளியாளா?

இப்படி வேலைக்கு வந்திருக்கிறவர்களில் பலர் காடு தோட்டம் வைத்திருந்து, தண்ணீர் இல்லாமலோ கடன் தாங்காமலோ விட்டுவிட்டு வந்தவர்கள். எந்த மண்ணுக்கு எது வரும், கத்தரியில் காய்ப்புழு எந்தப் பக்கம் துளைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். என் வேலைக்காலத்தில் நான் சொல்லிக்கொடுத்ததை விட அவர்களைப் போன்றவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது அதிகம். உங்கள் கமிட்டியில் அவருக்குப் பாத்தி மட்டும் கேட்காதீர்கள், எதை எப்போது நடுவது என்று பேசும்போது அவரையும் உட்கார வையுங்கள். தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வருகிற அக்காமார்கள் எல்லாருக்கும் இதேதான். உரக்குழி கிளறுவதை மட்டும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு, பூப்பறிப்பதை நாம் வைத்துக்கொள்கிற தோட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. எங்கள் தோட்டத்தில் உரக்குழி முறை எல்லாருக்கும் வரும், ரிட்டயர்டு பேராசிரியருக்கும் வரும்.

கேள்வி: இடம் முழுக்கக் கட்டடக் கழிவு. செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, டைல்ஸ். செடி வைத்தால் மஞ்சளடித்துச் சாகிறது. (வாசகர், ஓசூர்)

பதில்: சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இதுதான் காரணம். யூரியா போட்டுப் பயனில்லை.

முதலில் மண் பரிசோதனை. ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஓரச் சுவரை மேலிருந்து கீழாக ஒரு விரல்கடை கனத்துக்குச் சீவி எடுங்கள். இப்படி இடம் முழுக்கப் பத்துப் பதினைந்து குழியில் எடுத்து, சாக்கில் கொட்டி, கல் வேர் நீக்கிக் கலக்குங்கள். வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மீதியை மறுபடி அப்படியே. அரைக் கிலோ வரும்வரை செய்து, நிழலில் உலர்த்திப் பையில் போட்டு அருகிலுள்ள வேளாண் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எருக்குவியல் பக்கமும் மர நிழலிலும் எடுக்கக் கூடாது.

பெரிய கழிவைப் பொறுக்கிய பிறகு, பழைய செங்கல்லையே அடுக்கி ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி கட்டி, செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிக் கீரையைத் தொடங்கிவிடலாம். மற்ற இடத்துக்குப் பலதானிய விதைப்புதான் நான் நம்புகிற வழி. கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, சணப்பு, தக்கைப்பூண்டு எல்லாவற்றையும் கலந்து தூவி, பூக்கிற சமயத்தில், ஐம்பது நாள் வாக்கில், வெட்டி அங்கேயே மண்ணோடு புரட்டிவிட வேண்டும். இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறை இது. செத்துக் கிடந்த மண்ணில் இரண்டாவது தடவையே மண்புழு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த இடத்தில் முன்பு பேட்டரிக் கடையோ பெயின்ட் பட்டறையோ மெக்கானிக் ஷெட்டோ இருந்ததா என்று பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்திருந்தால் அங்கே கீரை, கிழங்கு வேண்டாம். ஈயம் மண்ணைவிட்டு லேசில் போகாது. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்த் தண்ணீர் உப்பு. வீடுகளில் வீணாகிற ஆர்.ஓ. தண்ணீரைக் குழாய் போட்டுத் தோட்டத்துக்குத் திருப்பலாமா? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: வேண்டாம். ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரில் போர்த் தண்ணீரில் உள்ளதை விட உப்பு அதிகம். அது தரை கழுவத்தான் ஆகும். காய்கறி கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீரைக் கொடுங்கள். பீட்ரூட்டும் பாலக் கீரையும் உப்பை ஓரளவு தாங்கும். பீன்ஸ், வெங்காயம் தாங்காது. ஐப்பசி மழையில் பாத்தியில் வரப்புக் கட்டி நீரைத் தேக்கினால் மேலே படிந்த உப்பு கீழே இறங்கும்.

கேள்வி: உரக்குழி நாறுகிறது, கொசு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். (வாசகி, சேலம்)

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை போடுங்கள், நாற்றம் நின்றுவிடும். சோறு, குழம்பு, மீன் கழிவு வேண்டாம். கொசு குழியிலிருந்து வராது, பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற டிரம்மிலிருந்துதான் வரும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள், மேலே துணி கட்டுங்கள். முதல் சல்லடை உரத்தை அவர் வீட்டு ரோஜாவுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாடுகளில் இதற்கெல்லாம் அரசே இடம் தருகிறதாமே? (வாசகர், காரைக்குடி)

பதில்: தருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் மக்கள் முதலில் இறங்கிய பிறகுதான். நியூயார்க்கில் 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் நண்பர்களும் குப்பை நிறைந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டே நகர நிர்வாகம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அதை அவர்களுக்கு விட்டது. அந்தத் தோட்டம் அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் 1999-ல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விட மேயர் முடிவு செய்தார். மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், கடைசியில் இரண்டு தொண்டு அமைப்புகள் விலைகொடுத்து வாங்கித்தான் அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சரவணம்பட்டிக்காரருக்கு நான் கடிதம் கடிதம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005-லிருந்து இதையே ஒரு திட்டமாக நடத்துகிறது. அங்கே உள்ள நம் சொந்தக்காரர்கள் அடுக்குமாடிக்குக் கீழே வெண்டையும் முருங்கையும் வைத்திருக்கும் படத்தை அனுப்பும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும். நம் மாநகராட்சிகளும் ‘இந்த ரிசர்வ் சைட்டுகள் காலியாக உள்ளன, பராமரிக்க முன்வருவோர் வரலாம்’ என்று வார்டு வாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும். இதை எல்லாரும் அவரவர் கவுன்சிலரிடம் விடாமல் கேளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி. மரத்தையே வெட்டச் சொல்கிறார்கள். (வாசகி, ஈரோடு)

பதில்: வெட்டாதீர்கள். அந்தப் புழுக்கள் ராத்திரி மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டு, பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு இருக்கும். அதுதான் நமக்கு வசதி. நீளக் குச்சியில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி அந்தக் கூட்டத்தில் மட்டும் லேசாகக் காட்டினால் போதும், பட்டை கருகக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், ரோமம் பட்டால் தடித்துவிடும். வருஷா வருஷம் காய் பறித்து முடித்ததும் இடுப்பு உயரத்துக்குக் கவாத்து செய்துவிட்டால் மரமும் கைக்குள் இருக்கும், பூச்சியும் கண்ணில் படும்.

கேள்வி: அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. இப்போது சித்திரை. உடனே விதைக்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ரொம்ப சந்தோஷம். ஆடி வரைக்கும் பொறுங்கள். சித்திரையில் கோடை மழை பெய்ததும் பலதானியத்தைத் தூவி, ஆனியில் மடக்கிவிடுங்கள். வைகாசிக் கடைசியில் மிளகாய்க்கும், ஆனித் தொடக்கத்தில் கத்தரிக்கும், பத்து நாள் தள்ளித் தக்காளிக்கும் நாற்று விடுங்கள். மூன்றும் ஆடியில் நடத் தயாராக இருக்கும். அவரை, பீர்க்கன், புடலையை ஆடி பிறந்ததும் நேரடியாகக் குழியில் ஊன்றலாம், அதற்குள் பந்தல் கால் நட்டிருக்க வேண்டும். பந்தலைப் பாத்திக்கு வடக்கே போடுங்கள், தெற்கே போட்டால் கீரைக்கு நிழல் விழும். நாற்றைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பிடுங்கி நட்டு, உடனே தண்ணீர் விட்டுவிடுங்கள்.